இலை நனையக் கூடாது

பளிச்சு என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் கூப்பிட ஆள் இல்லாமல் அது எங்கேயோ தூங்கிக் கிடக்கிறது. வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் வண்டி கழுவுவது அவர் வேலை. சேறு அப்பி, என்ன நிறம் என்றே தெரியாமல் வரும் லாரியை மேடையில் ஏற்றி, தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் கன்னைக் கையில் பிடித்தாரென்றால், இறங்கும்போது அந்த லாரியில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொள்ளலாம். டிரைவர்களாகப் பார்த்து வைத்த பேர்தான் பளிச்சு. சேறு மாதிரியே அதுவும் ஒட்டிக்கொண்டது. ஆனால் கழுவினாலும் போகவில்லை.

அவருக்குத் தெரிந்த உலகத்தில் இரண்டே வகைதான். கழுவினது, கழுவ வேண்டியது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கண்ணாடியைத் துண்டால் துடைக்காமல் உட்கார மாட்டார். டீக்கடையில் கொடுக்கும் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கடைக்காரன் முறைப்பான், இவரும் முறைப்பார். தன் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த காரின் சக்கரத்தில் சேறு இருந்ததைப் பார்த்துவிட்டு, புதுவேட்டியோடு வாளியை எடுத்துக் குனிந்த மனுஷன். அவர் மனைவி அதை இன்னும் விடவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவாள்: "என் மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி டயரைப் பாத்தவருங்க இவரு."

அந்தத் தொழில் பேரைக் கொடுத்தது, சோறு போட்டது, காலைக் கெடுத்தது. காலையில் போய் நின்றால் பொழுது சாயும் வரைக்கும் ஈரச் சிமெண்டுத் தரைதான். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ரப்பர் பூட்ஸ் போட்டும் பார்த்தார். மேலே அடிக்கிற தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கி, வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே குடித்தனம் நடத்தியது. களிம்பு தடவினால் மறுநாள் சோப்பு நுரையோடு போய்விடும். அந்தக் காலுக்கு மருந்து என்று அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்குப் போவார். அங்கே கொஞ்சம் மண்தரை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காய்ந்த மண்ணில் நிற்பார். வெயில் குடித்த பொடிமண் விரல் இடுக்கில் புகும்போது, கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துவிடுவார்.

வீடு அவருடையது இல்லை. மனைவிக்கும் மனைவியின் தம்பிக்கும் அவர்களைப் பெற்றவர்கள் விட்டுப்போனது. கீழே இவர்கள், மாடியில் தம்பி குடும்பம், கொல்லை பொது. தம்பி கொத்தனார். நல்ல வேலைக்காரன், நல்ல பிள்ளை. ஆனால் மண்ணைச் சும்மா கிடக்க விட அவனால் முடியாது. மண்ணைப் பார்த்தால் அதன் மேல் சிமெண்டு போட வேண்டும். மாமனுக்குத் தூசி எப்படியோ, மச்சினனுக்கு மண் அப்படி.

ஒரு சாயங்காலம் பளிச்சு வீட்டுக்கு வந்தபோது கொத்தனார் கொல்லையில் நின்று காலால் அளந்துகொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, நாட்டியமா?"

"இல்ல மாமா. இப்ப வெளியில ஒரு வீட்டுக்கு மாடி வேலை ஓடுது பாருங்க, அது முடியும்போது கலவை மிஞ்சும். இங்க கொண்டாந்து கொட்டி ஒரே இழுப்பு. தரை கண்ணாடி மாதிரி ஆயிடும். என் சென்ட்ரிங் பலகையெல்லாம் தெருவுல கிடந்து மழையில நனையுது. இங்க அடுக்கிக்கலாம்."

"மண்ணு மண்ணாவே இருக்கட்டும்."

"எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கால் விரல் இடுக்குக்கு என்று மச்சினனிடம் சொல்ல முடியுமா? அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தம்பி பக்கம் போயிருந்தாள்.

"போடட்டும்ங்க. நீங்க கொல்லையில நின்னுட்டு அந்தக் காலோட நேரா படுக்கைக்கு வர்றீங்க. மண்ணை அள்ளி அள்ளி என் இடுப்பு போச்சு. துவைக்கிற கல்லைச் சுத்தி ஒரே பள்ளம்."

"பாத்தீங்களா," என்றான் கொத்தனார். "சும்மா கிடக்கிற மண்ணு. இத்தனை வருஷத்துல ஒரு புல்லாவது மொளைச்சிருக்கா? ஏதாவது விளையுதுன்னா சொல்லுங்க, நான் கையெடுத்துடுறேன்."

அன்றைக்குப் பார்த்து மஞ்சள் பூசணி ஏற்றும் மினி லாரி ஒன்று ஷெட்டுக்கு வந்திருந்தது. வழியில் ஒரு காய் நசுங்கி, பலகை இடுக்கெல்லாம் சதையும் விதையுமாக அப்பிக் கிடந்தது. கன்னால் அடித்ததில் பாதி விதை சுவருக்குப் போனது, மீதி பளிச்சுவின் சட்டைக்கு வந்தது. இப்போது பதில் தேடிக் குனிந்தவரின் கண்ணில், சட்டைப் பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு விதை பட்டது.

"பூசணி," என்றார்.

"என்ன பூசணி?"

"விளையும். பூசணி போடப் போறேன்."

கொத்தனார் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். பளிச்சு அசையவில்லை. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டாரென்றால் சொன்னதுதான். தப்பென்று தெரிந்தாலும் அதைச் சரியாக்கிக் காட்டுவாரே தவிர, திருப்பி வாங்க மாட்டார். கடைசியில் கொத்தனாரே கெடு வைத்தான்.

"சரி மாமா. என் மாடி வேலை முடியுற வரைக்கும் டைம். இந்த மண்ணுல ஒரு காய், ரெண்டு கையாலயும் பிடிக்கிற அளவுக்கு ஒரே ஒரு காய் வந்துச்சுன்னா, நான் சிமெண்டு பேச்சே எடுக்க மாட்டேன். வரலன்னா, கலவை வரும். நீங்க குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"அக்கா, நீதான் சாட்சி."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்றாள் அவள். ஆனால் சாட்சியாக நின்றாள்.

சட்டையிலிருந்து பொறுக்கிய விதைகளைப் பளிச்சு முதலில் என்ன செய்திருப்பார்? கழுவினார். வழவழப்புப் போகக் கழுவி, துணியில் காயவைத்து, வீட்டுச் சுவரை ஒட்டிக் குழி தோண்டி ஊன்றினார். கொஞ்ச நாளில் தடித்த இலை இரண்டு இரண்டாக மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்புறம் கொடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவருக்கே பிரமிப்பு. காலையில் பார்த்த நுனி சாயங்காலம் வேறு இடத்தில் இருந்தது.

இலை பெரிதானது. பெரிய இலையில் தூசி படிந்தது. தூசியைப் பார்த்தால் பளிச்சுவுக்குக் கை சும்மா இருக்குமா? ஷெட்டில் ஓரமாகப் போட்டிருந்த பழைய கன் ஒன்றைச் சரிபண்ணி, சின்ன மோட்டாரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. முறை, லாரிக்கு என்ன முறையோ அதேதான். மேலிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால். முதலில் இலையின் மேல்பக்கம். அப்புறம் குனிந்து அடிப்பக்கம், மட்கார்டுக்குள் அடிக்கிற மாதிரி. பூ விட்டதும் பூவையும் விடவில்லை. விடியற்காலையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் ஒவ்வொரு மஞ்சள் பூவுக்குள்ளும் கன்னை நீட்டி, பக்கெட்டை அலசுகிற மாதிரி அலசினார். இலை மின்னியது. அந்தத் தெருவிலேயே, ஏன், எங்கேயுமே அவ்வளவு சுத்தமான பூசணிக் கொடி இருந்திருக்காது.

அந்தச் சுத்தமான கொடி மத்தியானமானால் செத்த மாதிரி தொங்கியது. வார விடுமுறையில் வீட்டில் இருந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். உச்சி வெயிலில் ஒவ்வொரு இலையும் மடக்கிய குடை மாதிரி தலை கவிழ்ந்து கிடந்தது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், அவர் கை கழுவாமல் எழுந்தாரென்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். கொடியில் அடித்த தண்ணீர் சேறோடு எழும்பிப் போய், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளில் இறங்கியது.

"என்னங்க இது! காலையில இருந்து துவைச்சதுங்க!"

"செடி சாகுதுடி!"

"சாகட்டும்! அது செத்தா சிமெண்டு. நான் செத்தா?"

சாயங்காலம் இலையெல்லாம் நிமிர்ந்தது. தண்ணீர் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மத்தியானமும் ஒரு தடவை அடிக்கச் சொல்லி மனைவியிடம் கன்னைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இலையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. புள்ளி பழுப்பாகி, ஓரம் கருகியது. புள்ளியை அழுக்கென்று நினைத்து இன்னும் அழுத்தி அடித்தார். சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு வந்தது. வந்த சுருக்கில் அது வெளுத்து, மெத்தென்று ஆகி, தொட்டதும் கையோடு வந்தது. சுவர் ஓரத்துப் பள்ளத்தில் இருந்த கொடி ஒன்று அடித்தண்டு அழுகி, ஒருநாள் கூழாகிப் படுத்துவிட்டது. கொல்லை முழுக்க சேறு. அவர் வெறுங்காலோடு நின்று கண்ணை மூடுவதற்கு இப்போது காய்ந்த இடம் என்று ஓரடிகூட இல்லை. சேற்றுப்புண் வீட்டுக்கு வந்தும் எரிந்தது.

கொத்தனார் மாடியிலிருந்து இறங்கிவந்து சுவரைத் தடவிப் பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"மாமா, சுவர்ல ஓதம் ஏறுது. இங்க பாருங்க, பூச்சு உப்பிக்கிட்டு வருது. கை வெச்சா சில்லுன்னு இருக்கு. நீங்க செடி வளக்கல, வீட்டை ஊற வெச்சுக்கிட்டு இருக்கீங்க."

"காய் வந்ததும் சுவரை நானே பூசிக் குடுத்துடுறேன்."

"காயா? செடிக்குச் சளி பிடிச்சிருக்கு மாமா. தலையைத் துவட்டி விடுங்க முதல்ல." அவன் போகிற போக்கில் சொன்னான்: "அந்த மாடிக்குத் தளம் போட்டாச்சு. பூச்சு வேலைதான் பாக்கி."

பளிச்சு அன்று சாயங்காலம் கன்னைத் தொடவில்லை. சேற்றில் செங்கல்லைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோற்றுப்போகிறவன் உட்காருகிற உட்காரல் இல்லை அது. வண்டியில் கிரீஸ் கறை போகாவிட்டால், எங்கே இருந்து கசிகிறது என்று அடியில் படுத்துக்கொண்டு பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அப்போதுதான் மனைவி பாத்திரத்தோடு வந்தாள். காய்கறி கழுவின தண்ணீர். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய், எதையோ பார்த்து மெதுவாகச் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க விதை ஒண்ணு தெறிச்சுப் போய் அங்க மொளைச்சுக் கிடக்கு."

எழுந்துபோய்ப் பார்த்தார். கல்லுக்குப் பின்னால், கன்னின் குழாய் எட்டாத மூலையில், ஒரு பூசணிக் கொடி. இலையில் தூசி. இரண்டு விரலால் கோலம் போடுகிற அளவுக்குத் தூசி! ஆனால் இலை கரும்பச்சையாக, உள்ளங்கை மாதிரி விரிந்து நின்றது. ஒரு புள்ளி இல்லை. தண்டு கட்டைவிரல் தடிமன்.

"நீதான் வளத்தியா?"

"நான் எங்க வளத்தேன்? தண்ணியைக் கொட்ட ஒரு இடம் வேணும், கொட்டினேன்."

"தினமுமா?"

"கழுவினா கொட்டுவேன். கழுவலன்னா இல்ல."

"இலை மேல கொட்டினியா?"

"இலைக்கு வாயா இருக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பளிச்சுவுக்கு முகம் சிவந்தது. சிமெண்டு கேட்கிற பெண்டாட்டி, போகிற போக்கில் எச்சிலைத் துப்புகிற மாதிரி தண்ணீரைக் கொட்டி வளர்த்த செடி இப்படி! உயிரைக் கொடுத்துக் கழுவினவர் செடி அப்படி! ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்தத் தூசிக் கொடியின் பக்கத்தில் மண்ணில் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே இழுத்தால் கம்பி நெடுக ஈரமண் ஒட்டியிருந்தது. மேல்மண் காய்ந்திருந்தது, உள்ளே குளிர்ச்சி.

தன் கொடிக்கு வந்து குத்தினார். மேலே ஒரு விரற்கடை சேறு. அதற்குக் கீழே 'டக்'. இறங்கவில்லை. பலத்தை எல்லாம் போட்டு அழுத்தினால், உடைந்து வந்தது பொடி. காய்ந்த பொடி.

அவருக்குப் புரிய நேரமாகவில்லை. தினம் தினம் கன் அடித்து அடித்து, மண்ணை அவரே சிமெண்டாக இறுக்கி வைத்திருந்தார். அடித்த தண்ணீர் உள்ளே போகாமல் மேலாக வழிந்து சுவர் ஓரத்துப் பள்ளத்தில் போய் நின்றிருக்கிறது. இலை குளித்துக்கொண்டே இருந்தது, வேர் தாகத்தில் கிடந்தது. மச்சினன் செய்வதாகச் சொன்னதை மாமன் முந்திக்கொண்டு செய்துவிட்டார்.

"த்தூ," என்றார், தன்னைப் பார்த்துத்தான்.

மறுநாள் கன் ஷெட்டுக்கே திரும்பிப் போனது. மிச்சம் இருந்த இரண்டு கொடிகளில் ஒன்று அன்றே பட்டுப்போய்விட்டது. கடைசிக் கொடிக்காக வேலையை ஆரம்பித்தார். இறுகின மண்ணைத் தண்டில் படாமல் கிளறிவிட்டார். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்தார். தண்டை ஒட்டி மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்து, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் வட்டமாக வாய்க்கால் மாதிரி பள்ளம் பறித்தார். தண்டுக்கு ஈரம் ஆகாது, வேருக்குத்தான் வேண்டும் என்பதை அழுகிப்போன கொடி சொல்லிக் கொடுத்திருந்தது. ஷெட்டில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வந்து காலியான கேன்களில் இரண்டை எடுத்து, அடியில் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டு, கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி அந்தப் பள்ளத்தில் புதைத்தார். காலையில் கேனை நிரப்பினால் போதும். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே இறங்கும். பள்ளத்திலும் சொம்பால் மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினார். ஊற்றுவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்ப்பார். கம்பியில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

அதுதான் பெரிய பாடு. தண்ணீர் ஊற்றுவதற்குப் பளிச்சுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊற்றாமல் இருக்க எப்படிப் பழகுவது? வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பிடித்த கை. இலையில் தூசி சேரச் சேர, அவர் விரல் தானாக வளைந்தது. ஒருநாள் ஈரத்துணியோடு மெல்ல நகர்ந்து போனவரை மனைவி பின்னாலிருந்து பிடித்தாள்.

"கையில என்ன?"

"ஒரே ஒரு இலை. துடைச்சிட்டு வந்துடுறேன்."

"துணியைக் குடுங்க."

கொடுத்துவிட்டார். திருட்டுப்பிள்ளை மாதிரி.

உண்மையான சோதனை விடுமுறை நாளில் வந்தது. காலையில் குத்திப் பார்த்தார், கம்பியில் ஈரம். ஊற்றவில்லை. வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தபோது, பழையபடியே எல்லா இலையும் குடையை மடக்கிக்கொண்டு தொங்கியது. பளிச்சு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நிரப்பி வைத்த வாளி. எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடியும் போய் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார். ஈரம் இருந்தது. மண் இருக்கு என்கிறது, இலை இல்லை என்கிறது. யாரை நம்புவது? கல்லுக்குப் பின்னால் போய் மனைவியின் கொடியைப் பார்த்தார். அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது. புள்ளி இல்லாத, நோய் இல்லாத அந்தக் கொடியும்! சரி, வெயிலுக்குத் தலையைக் கவிழ்ப்பது இதன் குணம் என்று மனசுக்குச் சொன்னார். மனசு கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மாடிப்படியிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தான்.

"மாமா, செத்துருச்சு போல. நாளைக்குக் கலவை கொண்டாரவா?"

"தூங்குது. சத்தம் போடாத."

"வாளி நிறைய தண்ணி இருக்கு, ஊத்தலாம்ல?"

"ஊத்த மாட்டேன்."

"கையை எங்க மாமா வெச்சிருக்கீங்க?"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு!"

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. தட்டைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். கையை எடுத்தால் வாளிக்குத்தான் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, தட்டையும் தொடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாளியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இப்ப சாப்பிடுங்க," என்றாள். சாப்பிட்டார். சுவர் நிழல் நகர்ந்து கொடியின் மேல் வந்தது. முதலில் நுனியில் இருந்த இளம் இலை காம்பை நிமிர்த்தியது. அப்புறம் அடுத்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாக் குடையும் விரிந்துவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே. பளிச்சு சத்தமாக மூச்சு விட்டார். அவள் வாளியைத் தூக்கிப் போய்த் துவைக்கிற கல்லில் துணியை அலசினாள்.

கன் போனதும் இன்னொன்று வந்தது. விடியற்காலையில் பூ திறந்திருக்கும்போது தேனீ வந்தது. இத்தனை நாளும் அந்த நேரத்தில்தான் இவர் பூவைக் கழுவிக்கொண்டிருந்தார். எந்தத் தேனீ குளிக்க வரும்? பூவுக்குள் இருந்த மஞ்சள் பொடியையும் அலசி விட்டால் பிஞ்சு எப்படிப் பிடிக்கும்? தேனீ ஒவ்வொன்றும் மேலெல்லாம் பொடி அப்பிக்கொண்டு, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போனது. "அழுக்குப் பயலுவ," என்றார் பளிச்சு, ரொம்ப மரியாதையாக.

அவர் கொடியில் ஒரு பிஞ்சு நின்றது. வெளுக்கவில்லை, மெத்தென்று ஆகவில்லை. எலுமிச்சை அளவு, அப்புறம் தேங்காய் அளவு. ஆனால் மண்ணில் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் பட்டு அடிப்பாகம் அழுகிவிடுமோ என்று அவருக்குப் பயம். ஏதாவது தட்டையாக அடியில் வைக்க வேண்டும். மரப்பலகை ஊறும், தகரம் கொதிக்கும். மச்சினனிடம் கேட்க வாய் வரவில்லை. அவனுக்கு எதிராக வளர்க்கிற காய்க்கு அவனிடமே எப்படிக் கேட்பது? ஒரு காலையில் போய்ப் பார்த்தால், காயின் அடியில் ஒரு உடைந்த தரை ஓடு, சொரசொரப்புப் பக்கம் மேலாக, பக்குவமாகச் செருகியிருந்தது. தரை ஓடு கொத்தனாரைத் தவிர வேறு யாரிடம் இருக்கும்? அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கலவை வந்தது. ஒருநாள் சாயங்காலம் தெருவில் வண்டி நின்ற சத்தம் கேட்டு பளிச்சு வெளியே வந்தார். கொத்தனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு இறங்கினான்.

"மாமா, வேலை முடிஞ்சுது. இது இறுகிறதுக்குள்ள போடணும். பேச்சு பேச்சுதான்."

"பேச்சு பேச்சுதான். வந்து பாரு."

அவன் கொல்லைக்குள் வந்தான். காயைப் பார்க்கவில்லை முதலில். நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தான். இங்கே வைத்தான், அங்கே வைத்தான், புறங்கையால் தடவினான். குனிந்து அடிப்பக்கம் தட்டிப் பார்த்தான். சுவர் காய்ந்திருந்தது. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மிதித்தான். காலில் சேறு ஒட்டவில்லை, பொடிதான் ஒட்டியது.

"எங்க மாமா தண்ணி? ஊத்துறீங்களா இல்லையா?"

"ஊத்துறேன். உனக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

கொத்தனார் காயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பச்சை மாறி மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, காம்பு முறியாமல் லேசாகத் தூக்கினான். கை நிறைந்தது. அடிப்பாகத்தை எட்டிப் பார்த்தான். ஒரு சொறி இல்லை.

"ஓடு வேலை செஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்த ஓடு?" என்றார் பளிச்சு, முகத்தை வைத்துக்கொண்டு.

"அதை விடுங்க. காய் ஓகே. ஆனா அக்காவைக் கேக்கணும். மண்ணு வேணாம்னு சொன்னது அவளும்தான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கயிற்றிலிருந்து விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பு. ஒரு சேற்றுத்துளி கிடையாது. மச்சினனுக்குக் காட்டப் பளிச்சுவிடம் காய் இருந்தது, இவளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

அவள் மடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"வந்த கலவையைத் திருப்பி அனுப்பவா முடியும்? துவைக்கிற கல்லைச் சுத்திப் போடு. பள்ளம் அடையும். அந்த ஓரத்துல உன் பலகையும் அடுக்கிக்கோ. இந்தப் பக்கம் வராத."

"எதுவரைக்கும்?"

அவள் காலால் ஒரு கோடு போட்டாள். பெரிய பங்கு மண்ணுக்கு, சின்னப் பங்கு கல்லுக்கு. கோடு அவளுடைய சொந்தக் கொடியைச் சுற்றி வளைந்து போனது.

"இங்க வளையுதே அக்கா."

"வளைஞ்சா வளைச்சுப் போடு. கொத்தனார்தானே நீ?"

வேலை வெளிச்சம் போவதற்குள் முடிந்தது. பளிச்சு கலவை தூக்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்ன சிமெண்டைத் தன் தலையிலேயே சுமந்தார், ஆனால் கோட்டைத் தாண்டி ஒரு கரண்டி விழாமல் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் மண் பக்கம் வந்து செருப்பைக் கழற்றி நின்றார். பொடிமண் விரல் இடுக்கில் ஏறியது. கண்ணை மூடினார்.

சளப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், கொத்தனார் வாளித் தண்ணீரில் கலவை பூசின கரணையை முக்கி அலசி உதறிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடியில் தெறித்தது.

"டேய்! இலை நனையுதுடா!"

"ஒரு சொட்டு மாமா!"

"ஒரு சொட்டுன்னா தண்ணி இல்லையா? நகரு அந்தப் பக்கம்!"

கொத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நகர்ந்தான். பளிச்சு துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். நனைந்த இலையின் ஈரத்தை ஒற்றி எடுத்தார். ஒற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி உள்ளே போய்விட்டாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, அந்த இலையின் தூசியையும் சேர்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நரம்பு நரம்பாகத் துடைத்தார். தூசி மூடின அந்தக் கொடியில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது.